படத்தில் தெரியாத ஈரம்

1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் பல இன்றும் புத்தளத்தில் வாழ்கின்றன. சோனகத் தெருவிலுள்ள வீட்டை விற்க நினைத்தால், கைத்தொலைபேசியில் அனுப்பும் படத்தோடுதான் பேச்சுத் தொடங்குகிறது.

வீட்டுப் படங்களுக்கு ‘எச்.டி.ஆர்.’ என்றொரு முறை உண்டு. யன்னலுக்கு ஏற்ப எடுத்தால் அறை இருண்டுவிடும். அறைக்கு ஏற்ப எடுத்தால் யன்னல் வெளிறிவிடும். ஆகவே கமராவை அசைக்காமல், வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் சில படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கிறார்கள். ஏறக்குறையக் கண் காண்பதுபோலவே படம் அமைகிறது. இதில் குற்றமில்லை.

ஆனால் சுவர் வெடிப்பையும் ஈரக்கசிவையும் படத்தில் அழித்துவிட்டால் அது மோசடி. கிணற்று நீர் உவரா, நன்னீரா என்பதையோ எந்தப் படமும் சொல்லாது.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

விற்பவர்களே, படத்தோடு குறையையும் சொல்லுங்கள். வாங்குபவர்களே, உறுதியைப் பார்த்து, கிணற்று நீரைச் சுவைத்த பின்பே முற்பணம் கொடுங்கள்.