ஓர் அங்குலம் குறைந்த கொம்பு



பார்சல் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு எதைக் கண்டாலும் முதலில் எடை போடத்தான் தோன்றும். எடையும் நீள அகலமும் செல்லவேண்டிய தூரமும் தெரிந்தால் கட்டணம் தெரிந்துவிடும். சென்ற மாதம் இக்கணக்கில் அடங்காத பொருள் ஒன்று என்னிடம் வந்தது.

நம் சங்கத்து மூத்தவர் ஒருவர் ஞாயிறு காலையில் என் இல்லம் வந்து, சென்னையிலுள்ள தம் பேரனுக்குக் கடமான் கொம்பு ஒன்றை ரயிலில் அனுப்பவேண்டும் என்றார். அவருடைய தந்தையார் நீலகிரியில் தேயிலைத் தோட்டமொன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். அக்கொம்பு பதித்த பலகையில், ‘1952, 39 அங்குலம்’ என்று பொறித்திருக்கிறது.

“ஐயா, தந்தையார் வேட்டையாடுவாரோ?” என்று வினவினேன்.

“அவரா? கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டார். தோட்டத்துத் துரை சுட்டது. 40 அங்குலம் இருக்கும் என்று எண்ணிச் சுட்டாராம். நாடா வைத்துப் பார்த்தால் ஓர் அங்குலம் குறைந்துவிட்டது. ‘இது எனக்கு வேண்டாம், நீ வைத்துக்கொள்’ என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ அந்த ஓர் அங்குலம் மனத்தை விட்டு அகலவில்லை. அங்குலத்துக்கு இத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அறிந்தவற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இலண்டனில் ரோலண்டு வார்டு என்பவர் விலங்குகளின் உடலைப் பாடம் செய்து வைக்கும் தொழிலில் புகழ் பெற்றவர். அவர் 1892இல் பெருவிலங்குகளின் கொம்பளவுகளைப் பட்டியலாக்கி ஒரு நூல் வெளியிட்டார். கொம்பின் வெளிவளைவை ஒட்டி அடியிலிருந்து நுனி வரை நீளம், தண்டின் சுற்றளவு, இரு கொம்புகளுக்கும் இடையிலுள்ள அகலம் ஆகியவை அதில் இடம் பெற்றன. நம் நாட்டில் வேட்டையாடிய துரைமார்க்கும் சமஸ்தானாதிபதிகளுக்கும் அப்பட்டியலில் பெயர் ஏறுவது பெரும் கௌரவம். 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழிலும் கொம்பளவுக் குறிப்புகள் வெளிவந்தன. நம் கடமானுக்குக் கொம்பொன்றுக்கு மூன்று கிளைகளே வழக்கம். ஆதலின் இங்கே நீளமே முதன்மை பெற்றது.

அமெரிக்காவில் கணக்கு இன்னும் நுட்பமானது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கழகம் 1950இல் ஒரு மதிப்பெண் முறையை ஏற்படுத்தியது. வெண்வால் மானுக்கு இரு தண்டுகளின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், ஒவ்வொரு கொம்பிலும் நான்கு இடங்களில் சுற்றளவு, இடையகலம் ஆகியவற்றை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை அளந்து கூட்டுகிறார்கள். ஓர் அங்குல நீளமில்லாத முளை, கிளையாக எண்ணப்படாது. வலக் கொம்பு 26 அங்குலமும் இடக் கொம்பு 25 அங்குலமும் இருந்தால், வேறுபாடான ஓர் அங்குலத்தைக் கழித்துவிடுவர். ஈரம் உலர்ந்தால் கொம்பு சுருங்குமாதலின் 60 நாள் காத்திருந்தே அளக்கவேண்டும். கழகத்தின் நிலையான ஏட்டில் இடம் பெற 170 வேண்டும். 1993இல் கனடாவின் சஸ்காச்சுவானில் சுடப்பட்ட மான் ஒன்று 213க்கும் சற்று மேலே பெற்றது. ஊர்தோறும் வேட்டைப் பருவத்தில் நடக்கும் போட்டிகளில் இத்தகைய கணக்கை வைத்தே பரிசு தருகிறார்கள்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்நாட்டில் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீது வசூலாகும் வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கிறது. அளக்கும் வழக்கத்துக்கும், அழிந்துவரும் விலங்குகளைப் பற்றிய பதிவாவது மிஞ்சட்டும் என்ற கவலை ஒரு காரணம். எனினும் பெரிய கொம்புக்கே பரிசென்றால், பெரிய கொம்புடையதே முதலில் சாகும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் மலையாடுகளை ஏறத்தாழ முப்பதாண்டுகள் கவனித்த அறிஞர்கள், இத்தகைய வேட்டையால் தலைமுறைக்குத் தலைமுறை கொம்பு சிறுத்துவந்தது என்று 2003இல் எழுதினார்கள்.

நிற்க. மூத்தவரிடம் நான் கூறிய விடை அவருக்கு உவப்பாக இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் கொம்பை விற்கலாகாது. சான்றிதழின்றி வைத்திருத்தலும் ஆகாது. 2003 முதல், மரபுரிமையாகப் பெற்றவர் 90 நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்குத் தெரிவிக்கவேண்டும். அனுமதி பெறப்பட்டதா என்று விசாரியாமல் அதனை ஏற்றிச் செல்பவரும் குற்றவாளியே. அஃதாவது, பார்சலை ஏற்கும் என்னைப் போன்றவனும் விடை சொல்லவேண்டும்.

“தம்பி, நம்மவனாகிய நீயே இப்படிச் சொன்னால் எப்படி?” என்றார்.

தந்தையார் பெயரில் பழைய சான்றிதழ் இருந்தது. அவர் காலமானது 2009இல். அதன்பின் யாருக்கும் ஒன்றும் தெரிவிக்கப்படவில்லை. பேரன் கையில் அது பரிசாகப் போய்ச் சேராது, வழக்காகவே போய்ச் சேரும் என்று விளக்கினேன். அவர் மறுமொழி கூறாது எழுந்து சென்றார்.

அடுத்த ஞாயிறு, என் மகளை அழைத்துக்கொண்டு காத்ரஜ் உயிரியல் பூங்காவுக்குப் புறப்பட்டேன். அவரையும் வற்புறுத்தி உடன் அழைத்துச் சென்றேன். ஆடி மழையில் நனைந்து நின்றது ஓர் ஆண் கடமான். அதன் கொம்பு குட்டையாக, மென்மயிர் போர்த்து, நுனி மழுங்கியிருந்தது.

“இதுக்கு மார்க் எவ்வளவு தாத்தா? ஃபெயிலா?” என்றாள் என் மகள்.

மான் கொம்பு எலும்பாலானது. ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வளரும் காலத்தில் குருதி ஓடும் தோல் அதனை மூடியிருக்கும். முற்றியபின் அத்தோல் உரிந்து விழும். இதனை அவளுக்கு எடுத்துரைத்தேன். மூத்தவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்படியானால், துரை ஒரு வருஷம் பொறுத்திருந்தால் 40 ஆகியிருக்குமோ?” என்றார்.

“ஆகியிருக்கலாம், ஐயா. முதிர்ந்த மானாயின் குறைந்தும் இருக்கலாம்.”

திரும்பும்போது பஸ்ஸில் அவர் அதிகம் பேசவில்லை. மறுநாள் தாமே தொலைபேசியில் அழைத்து, மனு எழுதித் தரச் சொன்னார். தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்து, கொம்பை அரசிடமே ஒப்படைக்க விரும்புவதாக எழுதிக் கொடுத்தேன். பழைய சான்றிதழோடு அதை வன அலுவலகத்தில் சேர்த்துவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை.

நம் நேயர்களுள் நீலகிரி, ஏற்காடு, வால்பாறைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. முன்னோர் வைத்துச் சென்ற கொம்போ தோலோ உங்கள் வீட்டில் இருந்தால், பெட்டியிலுள்ள காகிதத்தை இன்றே தேடிப் பாருங்கள். பிள்ளைகள் தலையில் அந்தப் பொறுப்பை ஏற்றவேண்டாம்.

பேரனுக்கு என்ன அனுப்புவது என்று மூத்தவர் கேட்டார். காத்ரஜில் என் மகள் எடுத்த புகைப்படத்தைக் கொடுத்திருக்கிறேன்.