சுற்றுகளைக் கூட்டினால் வலிமை கூடுமா?

மின்கிதார் வாங்கி ஓராண்டு கடந்த இளைஞர் எவரும் தவறாமல் வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: "மெட்டல் வாசிப்பதற்கு எந்தப் பிக்கப் மாட்டலாம்?" கடைக்காரர் முதல் சக வாசிப்பாளர் வரை பெரும்பாலோர் இதற்குச் சொல்லும் விடையும் ஒன்றே. இருப்பதிலேயே 'அவுட்புட்' மிகுந்ததை வாங்கு என்பார்கள். இந்த விடையை நாம் ஏற்பதற்கில்லை. ஒரு காலத்தில் மெய்யாக இருந்து, அதற்கான காரணம் மறைந்த பின்னரும் வழக்கமாக எஞ்சிவிட்ட அறிவுரை இது என்பதே நம் கருத்து.

பிக்கப் அடிப்படையில் மிக எளிய பொருள். ஒரு காந்தம், அதைச் சூழ மயிரிழை போன்ற செம்புக்கம்பியால் சுற்றப்பட்ட சுருள், அவ்வளவே. எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த விதிதான். 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீச்சம் இதனைக் கிதாரில் பொருத்திக் காட்டினார். ஆனால் சுருளுக்குத் தந்தி எது, அறையிலுள்ள மின்மாற்றி எது என்ற பேதம் தெரியாது. மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், நம் வீடுகளில் 50.

கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் இதற்கு ஒரு தீர்வு கண்டு 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றன் காந்தமுனையையும் சுற்றுத்திசையையும் மற்றதற்கு எதிராக அமைத்தார். தந்தியின் ஒலி இரண்டிலும் ஒன்றுகூடியது. வெளி இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. இதுவே ஹம்பக்கர். ஒலியைச் சிதைத்துப் பெருக்கும் இசையில் இரைச்சலும் சேர்ந்தே பெருகும் என்பதால், ராக் வாசிப்போர் இதனை நாடியது இயல்பே.

அக்காலத்து ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஒரு வரம்பு இருந்தது. அவற்றின் வால்வுகள் கரகரக்க வேண்டுமெனில் கிதாரிலிருந்தே வலிய மின்குறிப்பு வர வேண்டும். அந்தத் தேவைக்கு விடையாகத்தான் 1972இல் லேரி டிமார்ஸியோ 'சூப்பர் டிஸ்டார்ஷன்' பிக்கப்பைக் கொண்டுவந்தார். செராமிக் காந்தம், கூடுதல் சுற்றுகள், மிகுந்த அவுட்புட். அன்றைக்கு அது நியாயமான விடை. இன்றோ, சாதாரண ஆம்ப்ளிஃபயரிலும் கணினி மென்பொருளிலும் எவருக்கும் தேவைப்படாத அளவுக்கு டிஸ்டார்ஷன் குவிந்து கிடக்கிறது. தேவை போயிற்று, அதற்காகச் சொன்ன அறிவுரை மட்டும் போகவில்லை.

கூடுதல் சுற்றுக்கு நாம் தரும் விலை என்ன? சுற்றுகள் கூடக் கூடச் சுருளின் தூண்டுதிறன் ஏறுகிறது; அதன் ஒத்ததிர்வு கீழே இறங்குகிறது; மேல்சுரங்களின் துலக்கம் மங்குகிறது. தந்தியை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் சிதைந்து பெருகும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெளிவருவது ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. கை செய்த வேற்றுமையைக் காது கேட்க இயலாமற் போகிறது. கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. தன் பிழையைத் தானே கேட்க முடியாதவர் எதைக் கொண்டு திருந்துவார்?

வலிமைக்குச் சான்றாகக் காட்டப்படும் எண்ணும் நம்பத்தக்கதன்று. 8 கிலோ ஓம் பிக்கப்பைவிட 16 கிலோ ஓம் பிக்கப் இருமடங்கு வலியது என்று பலரும் எண்ணுகிறார்கள். அந்த எண் கம்பியின் மின்தடை மட்டுமே. 42ஆம் எண் கம்பிக்குப் பதிலாக அதனினும் மெல்லிய 43ஆம் எண் கம்பியைச் சுற்றினால், ஒரு சுற்றும் கூடாமலேயே தடை கூடிவிடும். பக்க எண்ணிக்கையைக் கொண்டு நாவலை மதிப்பிடுவதற்கு இது ஒப்பாகும்.

மெட்டலின் தோற்றுவாயைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். பர்மிங்காமின் உலோகத் தகடு ஆலையில் 17 வயதில் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர் டோனி அயோமி. பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்யத் தொடங்கியபோது அவரது ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப் பழுதாகிவிட, மாற்றாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி.யை எடுத்தார். அதிலிருந்தவை பி-90 வகை; ஒற்றைச் சுருள்; இரைச்சலை விலக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாதவை. 1970இல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் கனம் பெரும்பாலும் அவற்றின் வழியே வந்ததுதான். எஞ்சிய வலுவை இடையில் வைத்த ட்ரெபிள் பூஸ்டரும் லேனி ஆம்ப்ளிஃபயரும் பார்த்துக்கொண்டன. எட்டி வான் ஹேலனின் கதையும் இத்தகையதே. பழைய கிப்ஸன் ஹம்பக்கர் ஒன்றை உருகிய மெழுகில் முக்கியெடுத்து, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவ உடலில் பொருத்தி, ஒரேயொரு வால்யூம் குமிழோடு இணைத்தார். மெழுகு, சுருளின் தளர்ந்த கம்பிகள் அதிர்ந்து வீறிடுவதைத் தடுத்தது. 1978இல் உலகைத் திகைக்கவைத்த ஒலிக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். ஈ.எம்.ஜி. 81 போன்ற ஆக்டிவ் பிக்கப்புகள் வேறு வழியில் செல்கின்றன. குறைந்த சுற்றுகள் கொண்ட சுருள், அதனோடு 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறு பெருக்கி. இரைச்சல் குறைவு, நீண்ட கேபிளில் ஒலி மங்குவதும் குறைவு. உள்ளங்கையால் தந்தியை அடக்கி அதிவேக ரிஃப் வாசிப்போருக்கு இவை பொருத்தமானவை என்பதில் நமக்கு ஐயமில்லை. கூர்ந்து நோக்கினால் இவையும் நம் வாதத்துக்கே துணை நிற்கின்றன: சுருளை மிகையாகச் சுற்றுவதைக் கைவிட்டுத்தான் அந்தத் துலக்கத்தை அடைந்தன.

இனி வயரிங். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், ஒற்றைச் சுருளுக்கு 250, ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 என்பது வால்யூம் குமிழுக்கான வழக்கமான கணக்கு. 500 வேண்டிய இடத்தில் 250 இருந்தால் மேல்சுரங்கள் மங்கும். பிக்கப்பைக் குறை சொல்லுமுன் குமிழைத் திறந்து பார்ப்பது நன்று. நான்கு கம்பிகள் வெளிவரும் ஹம்பக்கரில் ஒரு சுருளை மட்டும் துண்டித்து ஒற்றைச் சுருளாக்குவது பலரது விருப்பம். அவ்வாறு செய்தால் ரீங்காரம் திரும்பி வரும். இரு சுருள்களையும் தொடரிணைப்பிலிருந்து பக்க இணைப்புக்கு மாற்றும் ஸ்விட்சே நம் பரிந்துரை. அவுட்புட் குறையும், ஒலி தெளியும், இரைச்சல் அண்டாது.

இணைப்பு மாறினால் குரலே மாறும் என்பதற்குப் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால் கிதார் சான்று. அதன் நெக் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்பும் சேர்ந்தொலிக்கையில் மூக்கால் பாடுவது போன்ற மெலிந்த குரல் எழும். பழுதென்று ஒதுக்கத்தக்க அந்தக் குரலே அவரது அடையாளமாயிற்று. கேரி மூரிடம் சென்ற அந்தக் கிதார், பின்னர் மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டின் கைக்கு வந்தது. அதிக அவுட்புட்டுக்காக எவரும் அதனைத் தேடவில்லை.

ஆதலால், பணப்பையைத் திறப்பதற்கு முன் ஒரு திருப்புளியை எடுக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பிக்கப்பின் இருபுறத்துத் திருகுகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்தி, அதனைத் தந்தியிலிருந்து இறக்குங்கள். டிஸ்டார்ஷனையும் பாதியாகக் குறைத்து, அதே ரிஃபை மீண்டும் வாசியுங்கள். முதலில் மெலிந்துவிட்டதாகத் தோன்றும். பிறகு ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்கத் தொடங்கும். கையின் தடுமாற்றங்களும் கேட்கும். பொறுத்துக்கொண்டு சில வாரங்கள் அப்படியே வாசியுங்கள். அதன் பின்னும் வேறு பிக்கப் வேண்டுமெனத் தோன்றினால் தாராளமாக வாங்கலாம். அப்போது எதைத் தேடுகிறோம் என்பது செவிக்குத் தெரிந்திருக்கும்.