சீதன வீடும் அஸ்வெசும புள்ளியும்

அஸ்வெசும பட்டியலிலிருந்து ஒரு குடும்பம் நீக்கப்பட்டால் நம்மில் பலர் உடனே சொல்வது, "அவங்களுக்குத்தான் கல் வீடு இருக்கே" என்பதுதான். அரசாங்கத்தின் கணிப்பீடும் ஏறக்குறைய இப்படித்தான் யோசிக்கிறது.

சமுர்த்தியை மாற்றியதை நான் குறை சொல்லவில்லை. கட்சிக்காரரின் சிபாரிசில் சேர்ந்தவர்களும், வசதி வந்த பிறகும் விலகாதவர்களும் அதில் இருந்தது ஊரறிந்த விடயம். 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டம் இருபது வருடங்கள் தூங்கிக் கிடந்தது. பொருளாதார நெருக்கடியும் சர்வதேச நாணய நிதியமும் வந்த பிறகுதான் அதைத் தட்டி எழுப்பி, 2023 ஜூலையில் அஸ்வெசுமவைத் தொடங்கினார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகள். பட்டியலை அரசியல்வாதியின் கையிலிருந்து எடுத்தது நல்லதே.

பிரச்சினை புள்ளி போடும் முறையில் இருக்கிறது. வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அளவுக்கு, இந்த மாதம் அந்த வீட்டுக்குள் என்ன வருகிறது என்று அது பார்ப்பதில்லை. கிழக்கில் நமது வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். உம்மா சவூதியில் வீட்டு வேலை செய்து, காக்காமார் கட்டாரில் நின்று கட்டிக் கொடுத்த வீடு அது. சீதனத்தின் சரி பிழை வேறு கதை. பிறகு வாப்பா மௌத்தாகிறார், மாப்பிள்ளை விட்டுப் போகிறார் அல்லது நோயில் விழுகிறார். மாபிள் தரை அப்படியே இருக்கிறது, அடுப்பில் உலை இல்லை. அந்தத் தரையை விற்று அரிசி வாங்க முடியாது. ஆனால் படிவத்தில் அது வசதியின் அடையாளம்.

மின்சாரப் பாவனையும் ஒரு குறிகாட்டி. நமது வளவுகளில் உம்மா வீட்டோடு ஒட்டி மகளுக்கு ஓர் அறை, அடுத்த மகளுக்கு இன்னோர் அறை. மூன்று குடும்பத்துக்கு ஒரே மீற்றர். அதில் ஓடும் அலகுகளை ஒரு குடும்பத்தின் கணக்கில் எழுதினால் அந்தக் குடும்பம் பணக்காரக் குடும்பமாகிவிடும்.

முதல் பட்டியல் வெளியானபோது ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்தன. அத்தனை பேரும் பொய்க்காரர்களாக இருக்க முடியாது. பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டி, யாரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்று விட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. வேலிச் சண்டையைத் தீர்த்துக்கொள்ள அரசாங்கமே படிவம் கொடுத்தது போலாயிற்று.

இன்னொரு வேடிக்கை, வறுமைக்குக் காலாவதித் திகதி குறித்தது. ஆரம்பத்தில் நான்கு பிரிவுகள்: மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. 2,500 ரூபா பெற்ற நான்கு இலட்சம் குடும்பங்களுக்கு 2023 டிசம்பர் 31தான் கடைசி என்றார்கள். ஆறு மாதத்தில் நிமிர்ந்துவிடுவார்கள் என்ற கணக்குப் போலும். மறுநாளே, 2024 ஜனவரி 1இல், வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது! பிறகு காலத்தை நீடிக்க வேண்டி வந்தது. 2025இல் கடைசி இரண்டு பிரிவுகளுக்கும் 10,000, 17,500 என்று கூட்டியது வரவேற்கத்தக்கது. ஆனால் பட்டியலுக்கு வெளியே நிற்பவருக்கு அந்தக் கூட்டலால் ஒரு சதமும் இல்லை. வற் வரியை மட்டும் அவரும் கட்டுகிறார்.

வகுப்பறையில் இதன் தொடர்ச்சியைக் காண்கிறேன். ஒரு பட்டியலில் இல்லாதவன் மற்றப் பட்டியல்களிலும் இல்லாமல் போகிறான். பாடசாலை உபகரணங்களுக்கான 6,000 ரூபா கொடுப்பனவும் முதலில் அஸ்வெசும குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்றே வந்தது. தகுதியான ஏனைய பிள்ளைகள் பிறகுதான் சேர்க்கப்பட்டார்கள். கொப்பியில்லாத பிள்ளையை அடையாளம் காண ஆசிரியருக்கு 22 குறிகாட்டிகள் தேவைப்படுவதில்லை.

நமது ஷாபிஈ ஃபிக்ஹ் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. குடியிருக்கும் வீடும் உடுத்தும் உடையும் ஒருவரை ஏழை என்ற நிலையிலிருந்து வெளியேற்றாது; அவர் ஸகாத் பெறலாம். இருந்தும் நமது ஸகாத் குழுக்கள் சிலவற்றிலேயே "கல் வீடு" என்ற பேச்சு எழுகிறது. அரசாங்கத்தைக் கேட்கும் முன் அதையும் திருத்த வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. நீக்குவதற்கு முன் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். எந்தக் குறிகாட்டியில் விழுந்தோம் என்பதை அவரவர் மொழியில் எழுத்தில் தர வேண்டும். மேன்முறையீடு முடியும் வரை கொடுப்பனவை நிறுத்தக் கூடாது. குறிப்பாக இந்தக் கடைசிக் கோரிக்கையை நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் விடாமல் கேட்க வேண்டும். வென்ற பிறகு வரும் நிலுவைப் பணம், இடையில் கடைக்காரரிடம் பட்ட கடனுக்கே போய்விடுகிறது.

அதுவரை பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒன்று செய்யலாம். ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு இளைஞர்களைக் கணினியோடு உட்கார வைத்து, மேன்முறையீட்டை நிரப்பிக் கொடுக்கலாம். பெண்கள் தயங்காமல் வர ஒரு பெண் ஆசிரியையும் இருந்தால் நல்லது. வளவில் எத்தனை அடுப்பு, எத்தனை மீற்றர் என்பதை அதில் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.