குரூப்பில் இல்லை குறை

கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டிவிட்டால் வடசென்னை எம்.கே.பி. நகர் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும்: “ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பு, அதான் தங்கல.” சில வீடுகளில், “பையனுக்கு ஓ பாசிட்டிவ், அவனுக்கு உயிரணு கம்மியாத்தான் இருக்கும்” என்பார்கள். புரோக்கர் கொண்டுவரும் ஜாதகத்தில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ரத்த குரூப்பும் ஏறிவிட்டது. இந்த நம்பிக்கை பொய். அதுவும் பெண்களின் உடம்பை வதைக்கிற பொய்.

கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901இல் வகைப்படுத்திய ஏ, பி, ஓ குரூப்புகள், ரத்தச் சிவப்பணுவின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கூறுகளால் ஆனவை. விந்தணுவை உண்டாக்குவதோ விதைப்பை. அதை ஏவுவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. சில சிறிய ஆய்வுகள் குரூப்புக்கும் விந்தணுவுக்கும் தொடர்பு தேடியதுண்டு. ஒன்றின் முடிவை இன்னொன்று உறுதிசெய்யவில்லை. ஆணின் குழந்தையின்மைக்குக் குரூப்பைக் காரணமாக எந்த மருத்துவ வழிகாட்டியும் ஏற்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இது நிற்காது. தமிழ்நாட்டில் 10 பேரில் ஏறத்தாழ 4 பேர் ஓ குரூப். மற்ற குரூப்புகளையும் சேர்த்தால், குரூப் பார்க்காமல் கட்டிவைத்தாலே நாலு ஜோடியில் ஒரு ஜோடிக்காவது ஒரே குரூப் அமைந்துவிடும். அவர்களுக்கெல்லாம் பிள்ளை பிறக்காது என்றால், தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் தொட்டில் ஆடியிருக்கக் கூடாது.

பயத்துக்கு மூலம் வேறு. தாயின் குரூப் நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் குழந்தையின் குரூப் பாசிட்டிவ் என்றால், தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாக்கலாம். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ‘ஆன்டி-டி’ ஊசி போட்டால் அந்த ஆபத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். டாக்டர் குரூப் கேட்பது முக்கியமாக இதற்காகத்தான். கரு உண்டாவதை இந்த நெகட்டிவ்-பாசிட்டிவ் வேறுபாடு தடுப்பதே இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் வரும் பரம்பரை நோய்ப் பயமும் இதோடு கலந்துவிட்டது. அதுவும் தனி விஷயம்.

எனக்குத் தாங்க முடியாதது இதன் விளைவு. கர்ப்பப்பையையும் குழாயையும் சோதித்து, மாதாமாதம் ஸ்கேன் எடுத்து, மருந்தும் விரதமுமாக வருடக்கணக்கில் ஓய்ந்துபோகிறாள் பெண். “வயித்துல ஒரு புழு பூச்சி இல்லையா?” என்று விசேஷ வீடுகளில் கேட்பதும் அவளைத்தான். கணவன் ஒருமுறைகூட விந்துப் பரிசோதனைக்குப் போயிருக்க மாட்டான். “குரூப் சேரல” என்ற பேச்சு அவனுக்கு ஒளிய இடம் தருகிறது. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணங்களில் பலவும் சரிசெய்யக்கூடியவை. விதைப்பையின் ரத்தக்குழாய்கள் புடைக்கும் வெரிகோசில், குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்காவது இருக்கிறது. தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை உண்டு. விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். உலையடியிலும் பாய்லர் பக்கத்திலும் நாள்முழுக்க நிற்கும் நம் வடசென்னைத் தொழிலாளிக்கு அது எளிதல்ல. சிகரெட், மது வேறு. ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது. தோளும் மார்பும் ஆண்மையாகத் திரண்டு நிற்கும், உள்ளே ஓர் அணு இருக்காது. இதை ஜிம் வாசலில் போர்டு எழுதி மாட்டவேண்டும். குரூப் பேசும் வீட்டில் எந்த மாமனாவது மாப்பிள்ளையிடம் ஊசி போடுகிறாயா என்று கேட்டதுண்டா?

மருமகளை ஸ்கேனுக்கு அழைத்துப் போகிற அத்தைமார் அன்றே மகனையும் கூட்டிப் போகட்டும். 2 முதல் 7 நாள் உறவு இல்லாமலிருந்து மாதிரி கொடுத்தால் போதும். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. ரிப்போர்ட்டில் எண்ணிக்கை, அசைவு, வடிவம் எல்லாம் இருக்கும். ஒருமுறை குறைந்தால் பதறாமல் திரும்பவும் பார்க்க வேண்டும். ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும். ஆகவே பழக்கத்தை மாற்றியவன் மூன்று மாதம் கழித்து மறுபடி மாதிரி கொடுக்கட்டும்.