அதிசய கிணறு குடிக்குது சரி... எந்த தண்ணியை?

திசையன்விளை: 2021 நவம்பர், டிசம்பரில் கொட்டிய மழையில் ஆயன்குளம் படுகை நிரம்பி வழிந்தது. உபரி தண்ணியை பக்கத்தில் இருந்த கிணற்றுக்குள் திருப்பி விட்டார்கள். நிறையும் என்று பார்த்தால், நிறையவே இல்லை. வாரக்கணக்கில் வந்த வெள்ளத்தை அது பாட்டுக்கு குடித்துக்கொண்டே இருந்தது. அதிசய கிணறு என்று பேர் வைத்து, செல்போனும் கையுமாக கூட்டம் குவிந்தது. பாதாளத்துக்கு போகுது, கடலுக்கு போகுது என்று ஆளாளுக்கு ஒரு கதை!

சென்னை ஐ.ஐ.டி. குழு வந்து ஆராய்ந்தது. மர்மம் எல்லாம் இல்லை, அடியில் சுண்ணாம்பு பாறை என்றார்கள். மழைத்தண்ணி மண்ணில் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து லேசான அமிலமாகிறது. அது ஆயிரக்கணக்கான வருஷமாக பாறையை கரைத்து, விரிசலை குகையாக்கி விட்டது. கிணற்றில் விழும் வெள்ளம் அந்த குகை வழியாக சுத்துப்பட்டு நிலத்தடியில் பரவுகிறது.

தேரிக்காட்டு ஊர்க்காரனுக்கு இது லேசான விஷயமா? கடல் பக்கத்திலேயே கிடக்கிறது. நல்ல தண்ணி எடை குறைவு என்பதால் உப்புத்தண்ணிக்கு மேலே மிதக்கும். கடலோர மண்ணில் நல்ல தண்ணி மட்டம் 1 அடி இறங்கினால், கீழே உப்பு 40 அடி வரை ஏறும் என்பது பழைய கணக்கு. போரை ஆழமாக இறக்க இறக்க உப்பை கூப்பிடுகிற மாதிரிதான். உப்பு ஏறின தோட்டத்தில் முருங்கையும் வாழையும் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தை உள்ளே விட்டால் அந்த உப்பை கீழே அழுத்தலாம்.

ஆபத்து எங்கே?

மணலில் இறங்கும் தண்ணி மெதுவா வடிகட்டி இறங்கும். சுண்ணாம்பு குகையில் வடிகட்டி கிடையாது. பூச்சிமருந்தோ, கோழிக்கழிவோ, செப்டிக் டேங்க் தண்ணியோ, விழுந்தது விழுந்தபடி அடுத்த கிணற்றுக்கு போயிரும். கனடாவில் வாக்கர்டன் என்ற சின்ன ஊரில் 2000 மே மாதம் பெருமழைக்கு பிறகு மாட்டுச்சாணக் கிருமி குடிதண்ணி கிணற்றில் கலந்தது. அங்கேயும் அடியில் சுண்ணாம்பு பாறைதான். 7 பேர் செத்தார்கள், 2 ஆயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள். குளோரினை சரியாக போடாததும் ஒரு காரணம். நம்ம தோட்டத்து கிணற்றில் குளோரின் போடுவது யார்?

2009-ல் ஆரம்பித்த தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு வெள்ளநீர் கால்வாயில் 2024 பிப்ரவரியில்தான் சோதனை ஓட்டம் விட்டார்கள். சுமார் 75 கிலோ மீட்டர் ஓடி வந்து எம்.எல். தேரியில் முடிகிறது. கன்னடியன் கால்வாயில் இருந்து பிரிவதால் நெல்லை மாநகர சாக்கடை இதில் வராது, அந்த மட்டுக்கும் நிம்மதி. ஆனால் வரும் வழியெல்லாம் வயல், ஊர், ரோடு. குப்பை கொட்ட நம்ம ஆளுக்கு கால்வாய் கரையை விட்டால் வேற இடம் ஏது?

அதிசய கிணறு மாதிரி இடங்களில் வெள்ளத்தை விடலாம் என்ற யோசனை நல்ல யோசனைதான். அதற்கு முன்னால், வருகிற தண்ணியை குளத்தில் நிறுத்தி தெளிய விடணும். கிணற்று வாயில் கம்பி வலை, சரளை மணல் தொட்டி வேணும். சுத்தியுள்ள கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் கிருமி சோதனை நடத்தணும். முக்கியமா, சீசனின் முதல் வெள்ளத்தை உள்ளே விடவே கூடாது. வருஷம் பூரா சேர்ந்த அழுக்கை வழிச்சிட்டு வருவது அதுதான்.