ஊர்க்கார சீனியர் காவல் ஆவாரா?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் பலர் சொல்லும் வாதம் இது: 'நம்ம ஊர் சீனியரோடு ஒரே அறையில் விட்டால் பயமில்லை.' புது இடத்தில் தெரிந்த முகம் தைரியம் தரும் என்பது மெய்தான். அதற்கு மேல் இந்த வாதத்தில் எதுவும் நிற்காது.

ஒன்று. 1996 நவம்பரில் இதே வளாகத்தில்தான் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, ராகிங்கில் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சீனியரின் கட்டற்ற அதிகாரமே ஆபத்து. அது ஊர்ப்பெயர் கேட்டு அடங்குமா?

இரண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகள் முதலாண்டினரைக் கூடுமானவரை தனி விடுதிக் கட்டடத்தில் தங்கவைக்கச் சொல்கின்றன. இயலாத இடத்தில் சீனியர்கள் வந்துபோவதை வார்டன் கண்காணிக்க வேண்டும். ஊர்ப்பாசத்துக்கு விலக்கு கிடையாது.

மூன்று. 'நம்ம ஊர்' என்பது எத்தனை வீடுகளில் 'நம்ம சாதி' என்றே பொருள்படுகிறது? அறைக்குள்ளும் சாதியைப் பூட்டிவைக்கவா பல்கலைக்கழகம்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், புதியவர்கள் பலதரப்பட்டவரோடு பழகட்டும் என்று, அறைத்தோழரைத் தாமே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை 2018-இல் நிறுத்தியது.

பெற்றோரே, சீனியரைத் தேடாதீர்கள். வார்டனைப் பாருங்கள், தனிக் கட்டடம் உண்டா என்று கேளுங்கள். ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522-ஐப் பிள்ளையின் கைபேசியில் பதிந்து கொடுங்கள்.