இது என்ன படம் சார்?

நவீன ஓவியத்தைப் பார்த்ததும் "இது என்ன படம்?" என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் "இதை என் பையனே போடுவான்" என்று சிரித்துவிட்டு நகர்கிற நம் மக்களோடுதான் சண்டை.

இங்கே ஹூஸ்டனுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் மீனாட்சி கோவில், நாசா, அப்புறம் ராத்கோ சேப்பல் என்று ஒரு சுற்று கூட்டிப் போவது என் வழக்கம். சேப்பல் 1971-ல் திறந்தது. உள்ளே மார்க் ராத்கோ வரைந்த கருத்த ஓவியங்கள் 14, வேறொன்றும் கிடையாது. ஒருமுறை கூட வந்த அண்ணன் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்து, "பிரைமர் அடிச்சதோட காசை வாங்கிட்டு ஓடிட்டானா தம்பி?" என்றார். திரும்பும் வழியில், வி.எஸ்.காய்தோண்டேயின் அரூப ஓவியம் ஒன்று 2013-ல் மும்பை ஏலத்தில் 23 கோடியே 70 லட்சத்துக்குப் போனதைச் சொன்னேன். "அப்படியா! அப்ப அதுல என்னமோ இருக்கும்" என்றார். கண்ணுக்குத் தெரியாதது விலைச்சீட்டில் தெரிந்துவிடுகிறது :-)

விலையை விடுங்கள். நம்மைப் போலவே வேலைக்காக ஊரை விட்டு வந்த ஒருவரைப் பார்ப்போம். அச்சுதன் கூடல்லூர். நான் கம்பம் பக்கத்து ஆள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது இடுக்கி எல்லையில், குமுளி போகிற வழியில் இருக்கிற எங்கள் கூடலூர் இல்லை. பாலக்காடு மாவட்டத்தில், தூதப்புழை பாரதப்புழையோடு சேருமிடத்தில் இருக்கிற கூடல்லூர். எம்.டி.வாசுதேவன் நாயரின் ஊரும் அதுதான்.

1945-ல் பிறந்த அச்சுதன் படித்தது சிவில் இன்ஜினியரிங். பார்த்தது சென்னையில் பொதுப்பணித் துறை வேலை. பகலில் ஆணி பிடுங்கிவிட்டு சாயங்காலம் அரசு ஓவியக் கல்லூரி வளாகத்தில் இருந்த மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்குப் போய்த்தான் வரையப் பழகினார். ஓவியத்தில் பட்டம் கிடையாது. அந்தக் கல்லூரிக்கு 1967 வரை முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர், வாசிக்க முடியாத எழுத்துகளையும் கணிதக் குறிகளையும் வைத்தே கேன்வாஸை நிரப்பிக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்த அச்சுதன் ஆரம்பத்தில் மனித உருவங்களைத்தான் வரைந்தார். பிறகு உருவத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டார். 1988-ல் லலித் கலா அகாதமியின் தேசிய விருது. 2022 ஜூலையில் சென்னையில் காலமானார்.

இவரைப் பாராட்டுகிறவர்களிலும் ஒரு கூட்டம் என்னைக் கடுப்பேற்றுகிறது. நீலம் தெரிந்தால் "ஆஹா, பாரதப்புழை!" சிவப்பு தெரிந்தால் "தெய்யம்!" பிறந்த ஊரை வைத்து ஓவியத்துக்கு ரேஷன் கார்டு எழுதுகிறார்கள். அவருடைய சிவப்பு கேன்வாஸ் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரே சிவப்பு இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல சிவப்புகள். நடுவில் எங்கோ ஒரு துண்டுப் பச்சையோ கருப்போ வந்து, பக்கத்துச் சிவப்பையே வேறு நிறமாகக் காட்டும். அந்தத் துண்டை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. எண்ணெய் வண்ணம் என்றால் காய நாட்கணக்காகும், ஈரமாக இருக்கும்போதே சுரண்டலாம், கலக்கலாம். அக்ரிலிக் சீக்கிரமே இறுகிவிடும், யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. கையிலிருக்கும் பொருளே பாதி முடிவுகளை எடுத்துவிடுகிறது. இதில் ஆறு எங்கே வந்தது?

"அர்த்தம் இல்லாமல் எப்படி ரசிப்பது?" என்பார்கள். ஐயா, பாலக்காடு மணி ஐயரின் தனி ஆவர்த்தனத்தை எப்படிக் கேட்டீர்கள்? ஒரு சொல் கிடையாது, கதை கிடையாது. "இந்த மோரா எதைப் பற்றியது?" என்று யாராவது கேட்டதுண்டா? (தனியின்போது காபி குடிக்க எழுந்து போகிறவர்கள் இதில் சேர்த்தி இல்லை.) காதுக்குக் கொடுத்த சுதந்திரத்தைக் கண்ணுக்குக் கொடுக்க மட்டும் ஏன் இத்தனை கஞ்சத்தனம்?

பழகாததுதான் காரணம். பழகவிடாமல் செய்வதும் நாம்தான். தமிழ்ச் சங்கங்கள் பிள்ளைகளுக்கு நடத்தும் ஓவியப் போட்டிகளைப் பாருங்கள். தலைப்பு 'என் கிராமம்', இல்லாவிட்டால் 'பொங்கல்'. டெக்சாஸில் பிறந்த குழந்தை இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னைமரம் என்று எதையோ பார்த்து வரைந்து பரிசு வாங்குகிறது. அது அதனுடைய கிராமம் இல்லை. நம்முடைய ஏக்கத்துக்கு நாமே பரிசு கொடுத்துக்கொள்கிறோம். அதே குழந்தை வீட்டில் தாள் முழுக்க ஊதாவைப் பூசிவிட்டு வந்து நின்றால் "இது என்னடா?" என்கிறோம். அது உடனே பயந்துபோய் மேலே இரண்டு கண்ணும் ஒரு வாயும் போட்டு "பூனை" என்று சொல்லிவிடுகிறது.

போட்டி நடத்துகிற அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தலைப்பே கொடுக்காதீர்கள். பெரிய தாளும் மூன்றே மூன்று வண்ணமும் கொடுத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். நடுவராக வேண்டுமானால் நான் வருகிறேன். பெற்றோரை மட்டும் மண்டபத்துக்கு வெளியே உட்கார வையுங்கள்.